பெற்றோருக்கு ஒரு பள்ளிக்கூடம்: வந்தவர்களும் வராதவர்களும்

"அழுத பிள்ளைதான் பால் குடிக்கும்" என்று நம் ஊரில் சொல்வார்கள். தேவையானதை வாய்விட்டுக் கேட்க வேண்டும் என்ற அர்த்தத்தில் சொல்வது. ஆனால் மனோதத்துவக்காரர்களிடம் கேட்டால், அது பழமொழி மட்டுமல்ல, ஒரு விதி என்பார்கள். கடை வாசலில் தரையில் உருண்டு அழுகிற பிள்ளைக்கு மிட்டாய் வாங்கிக் கொடுத்தால் அழுகை உடனே நிற்கும். அடுத்த முறை அதே கடை வாசலில் இன்னும் கொஞ்சம் சத்தமாக ஆரம்பிக்கும்!

இது எல்லா வீட்டிலும் நடக்கிற கதைதான். ஆனால் சில பிள்ளைகளிடம் இது எல்லை மீறிப் போகிறது. அடிப்பது, கடிப்பது, பொருளை உடைப்பது, பொய், திருட்டு, கடைசியில் பள்ளிக்கூடத்திலிருந்து வெளியேற்றம்... இப்படிப்பட்ட சிறு பிள்ளைகளுக்கு இன்று பல நாடுகளில் முதலில் பரிந்துரைக்கப்படுவது மாத்திரை அல்ல. பிள்ளையைத் தனியே உட்கார வைத்து அறிவுரை சொல்வதும் அல்ல. பிள்ளையின் பெற்றோருக்குப் பயிற்சி கொடுப்பதுதான். வாரம் ஒரு நாள், இரண்டு மணி நேரம், பத்துப் பன்னிரண்டு வாரம். பலன் உண்டு என்று நூற்றுக்கணக்கான ஆய்வுகள் சொல்லிவிட்டன.

ஒரே ஒரு சிக்கல். பெற்றோர் வருவதில்லை!

இந்தப் பயிற்சி எப்படிப் பிறந்தது, பெற்றோரை வரவழைக்க என்னென்ன பாடுபட்டார்கள் என்பது நூறு வருடத்துக்கு மேற்பட்ட ஒரு வரலாறு. அதன் பெரும்பகுதி அமெரிக்காவில் நடந்தது.

தானாக வந்தவர்கள்

பெற்றோரைக் கூட்டி வைத்துக் குழந்தை வளர்ப்பு பேசுவது 19ஆம் நூற்றாண்டிலேயே தொடங்கிவிட்டது. 1888ல் நியூயார்க்கில் சில தாய்மார்கள் சேர்ந்து குழந்தைகளின் இயல்பைப் படிப்பதற்கென்றே ஒரு சங்கம் வைத்தார்கள். 1897ல் வாஷிங்டனில் தேசியத் தாய்மார் காங்கிரஸ் கூடியது. 1926ல் பெற்றோருக்கென்றே ஒரு மாத இதழ் வந்தது. இதிலெல்லாம் சேர்ந்தவர்கள் பெரும்பாலும் படித்த, வசதியான வீட்டுப் பெண்கள். யாரும் கூப்பிடாமலே வந்தவர்கள். அவர்களுக்கு நேரம் இருந்தது, வீட்டு வேலைக்கு ஆள் இருந்தது.

இன்னொரு பக்கம், நீதிமன்றத்தின் வழியே இழுத்து வரப்பட்ட குடும்பங்கள் இருந்தன. 1899ல் சிகாகோவில் சிறுவர்களுக்கென்று தனி நீதிமன்றம் ஏற்பட்டது. அங்கே வந்த பிள்ளைகள் ஏன் இப்படி ஆனார்கள் என்று ஆராய 1909ல் வில்லியம் ஹீலி என்ற டாக்டர் ஒரு நிலையம் தொடங்கினார். 1922ல் காமன்வெல்த் ஃபண்ட் என்ற அறக்கட்டளை பணம் போட, செயின்ட் லூயிஸ் நகரில் தொடங்கி பல ஊர்களில் குழந்தை வழிகாட்டி கிளினிக்குகள் வந்தன.

இந்தக் கிளினிக்குகளின் நடைமுறையைக் கவனிக்க வேண்டும். பிள்ளையை மனநல மருத்துவர் ஒரு அறையில் பார்ப்பார். அம்மாவை சமூகப் பணியாளர் இன்னொரு அறையில் பார்ப்பார். அப்பா அநேகமாக எங்கும் இருக்கமாட்டார்! அம்மாவிடம் பேசியது அவருக்கு ஏதாவது கற்றுக்கொடுக்க அல்ல. பிள்ளை கெட்டுப்போக அவர் என்ன செய்தார் என்று கண்டுபிடிக்கத்தான்.

தாயைப் போல பிள்ளை!

அடுத்த நாற்பது வருடத்தை ஒரே வரியில் சொன்னால், எல்லாவற்றுக்கும் அம்மாதான் காரணம்.

1928ல் ஜான் பி. வாட்சன் எழுதிய குழந்தை வளர்ப்புப் புத்தகம், பிள்ளையைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தால் கெட்டுப்போகும், காலையில் கைகுலுக்கினால் போதும் என்றது. 1946ல் டாக்டர் பெஞ்சமின் ஸ்பாக்கின் புத்தகம் வந்தது. அது நேர் எதிராக, உங்கள் மேல் நம்பிக்கை வையுங்கள், பிள்ளையை அன்பாக நடத்துங்கள் என்றது. அன்பு அதிகமானால் குற்றம், குறைந்தாலும் குற்றம். ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்குக்கூட பாசமில்லாத தாய்தான் காரணம் என்று புரூனோ பெட்டல்ஹைம் 1967ல் புத்தகமே எழுதினார். அது தவறு என்று பின்னால் நிரூபணமாயிற்று. ஆனால் அதற்குள் எத்தனை தாய்மார்கள் அந்தப் பழியைச் சுமந்திருப்பார்கள்!

"தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை" என்பதை விஞ்ஞானத்தின் பெயரால் சொன்ன காலம் அது. பிற்பாடு பெற்றோர் ஏன் இந்த வகுப்புகளுக்கு வரத் தயங்கினார்கள் என்பதற்குப் பாதி பதில் இங்கேயே இருக்கிறது. உன்னால்தான் பிள்ளை கெட்டது என்று சொல்கிற இடத்துக்கு யார்தான் ஆசையாகப் போவார்கள்?

21 மாதக் குழந்தையும் ஒரு அத்தையும்

திருப்பம் 1959ல் வந்தது. சி. டி. வில்லியம்ஸ் என்பவர் எழுதிய மிகச் சிறிய ஆய்வுக் குறிப்பு அது. ஏறத்தாழ 21 மாதமான ஒரு குழந்தை. பிறந்து முதல் 18 மாதம் கடுமையான நோயோடு கிடந்ததால் எப்போதும் யாராவது பக்கத்தில் இருந்து பழகிவிட்டது. உடம்பு தேறிய பிறகும், தூங்க வைத்துவிட்டு வெளியே வந்தால் வீறிட்டு அழும். தினமும் அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரம் வரை பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும்.

வில்லியம்ஸ் சொன்ன வைத்தியம் எளிது. அன்பாகப் படுக்க வையுங்கள், கதவைச் சாத்திவிட்டு வாருங்கள், திரும்பிப் போகாதீர்கள். முதல் நாள் குழந்தை 45 நிமிடம் அழுதது. பத்தாவது முறை சிணுங்கல்கூட இல்லை, சிரித்தது!

கதை அங்கே முடியவில்லை. ஒரு வாரம் கழித்துக் குழந்தையின் அத்தை தூங்க வைத்தார். (சித்தியாகவும் இருக்கலாம், ஆங்கிலத்தில் இரண்டு பேருக்கும் ஒரே சொல்தான் :-) ) குழந்தை கத்திச் சிணுங்கியது. அத்தைக்கு மனசு கேட்கவில்லை, உள்ளே திரும்பிப் போய்விட்டார். அவ்வளவுதான், எல்லாம் பழையபடி! மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்து, ஒன்பது முறையில் அழுகை நின்றது. அதன் பிறகு இரண்டு வருடம் தொந்தரவே இல்லை.

இந்தச் சின்னக் குறிப்பு இரண்டு விஷயங்களைக் காட்டியது. பிள்ளையின் நடத்தையை மாற்ற அதன் ஆழ்மனதைத் தோண்ட வேண்டியதில்லை, சுற்றியிருப்பவர்கள் நடந்துகொள்வதை மாற்றினால் போதும். இரண்டாவது, வீட்டில் ஒருவர் மட்டும் மாறினால் போதாது. அத்தையும் மாற வேண்டும்.

1965ல் ராபர்ட் வாலரும் அவருடைய சகாக்களும், தாய்மாரையே தம் பிள்ளைகளுக்கு சிகிச்சை அளிப்பவர்களாக்க முடியும் என்று ஆய்வு வெளியிட்டார்கள். குற்றவாளிக் கூண்டில் நின்ற அம்மா இப்போது வைத்தியர் நாற்காலிக்கு வந்தார்.

ஆரிகனில் இரண்டு பேர்

இந்தத் துறை வளர்ந்த இடம் என்று அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தைச் சொல்லலாம். போர்ட்லாண்டில் கான்ஸ்டன்ஸ் ஹான்ஃப் (1917-2002), யூஜீனில் ஜெரால்ட் பேட்டர்சன்.

ஹான்ஃப் அம்மாவையும் பிள்ளையையும் ஒரே அறையில் விளையாட விட்டார். தான் ஒருபக்கக் கண்ணாடிக்குப் பின்னால் நின்றுகொண்டு, அம்மாவின் காதில் மாட்டிய சிறு கருவி வழியே, "இப்போது பாராட்டுங்கள்", "இதைக் கண்டுகொள்ளாதீர்கள்" என்று அப்போதைக்கப்போது சொல்லிக் கொடுப்பார். கிரிக்கெட்டில் பக்கத்தில் நின்று கோச் சொல்லிக் கொடுப்பது மாதிரி! இதில் இரண்டு கட்டம். முதல் கட்டத்தில் பிள்ளை போகிற போக்கில் அம்மா போக வேண்டும். கட்டளை கூடாது, கேள்விகூடக் குறைவு. அந்த உறவு சரியான பிறகுதான் இரண்டாம் கட்டம்: தெளிவாக ஒரு கட்டளை, கேட்டால் பாராட்டு, கேட்காவிட்டால் சில நிமிடம் தனியே உட்கார வைப்பது. ஹான்ஃப் எழுதி வெளியிட்டது மிகக் குறைவு. ஆனால் அவரிடம் படித்தவர்களும், அவருடைய முறையைப் பின்பற்றியவர்களும் உருவாக்கிய பயிற்சிகள்தான் இன்று உலகம் முழுக்கப் பரவியிருக்கின்றன.

பேட்டர்சன் இன்னொரு வழியில் போனார். தன் ஆட்களை வீடுகளுக்கே அனுப்பினார். குடும்பம் முழுக்க இரண்டு அறைக்குள் இருக்க வேண்டும், டிவி போடக் கூடாது. வந்தவர் ஒரு ஓரமாக உட்கார்ந்து, யார் யாரிடம் என்ன சொன்னார், பதிலுக்கு என்ன நடந்தது என்று குறியீடுகளில் எழுதிக்கொண்டே போவார். இப்படிச் சேர்த்த குறிப்புகளிலிருந்து பேட்டர்சன் கண்ட உண்மை, ஒரு கொடுக்கல் வாங்கல் கணக்கு மாதிரி இருக்கிறது. அம்மா ஒரு வேலை சொல்கிறார். பிள்ளை கத்துகிறது. அம்மா இன்னும் சத்தமாகக் கத்துகிறார். பிள்ளை பொருளைத் தூக்கி எறிகிறது. "எப்படியோ போ" என்று அம்மா விட்டுவிடுகிறார். உடனே பிள்ளையும் அமைதியாகிறது.

இதில் இரண்டு பேருக்கும் லாபம்! கத்தினால் வேலை செய்ய வேண்டாம் என்று பிள்ளை கற்றுக்கொண்டது. விட்டுக்கொடுத்தால் அமைதி கிடைக்கும் என்று அம்மா கற்றுக்கொண்டார். இன்றைக்குக் கிடைத்த அந்த ஐந்து நிமிட நிம்மதிக்கு வட்டி கட்டுவது பல வருடம். 1982ல் பேட்டர்சன் இதை விரிவாகப் புத்தகமாக எழுதினார். இதில் அம்மா கெட்டவர் இல்லை, பிள்ளையும் கெட்டவன் இல்லை. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பழக்கிவிட்டார்கள், அவ்வளவுதான். பழக்கியதை மாற்றியும் பழக்கலாம்.

காலியான நாற்காலிகள்

வைத்தியம் கிடைத்துவிட்டது. ஆனால் நோயாளிகள் பாதியில் எழுந்து போய்விட்டார்கள்!

குழந்தைகளுக்கான மனநல சிகிச்சையில் சேரும் குடும்பங்களில் 40லிருந்து 60 சதவீதம் வரை பாதியிலேயே நின்றுவிடுகின்றன என்று யேல் பல்கலைக்கழகத்தின் ஆலன் காஸ்டின் 1990களில் எழுதினார். சேராமலே போனவர்கள் இந்தக் கணக்கில் இல்லை. அதிகம் நின்றவர்கள் யார்? ஏழைகள், தனியாகப் பிள்ளை வளர்க்கும் தாய்மார்கள், மனச்சோர்வில் இருப்பவர்கள். பிள்ளையின் பிரச்சினை மிக மோசமாக இருந்த வீடுகள். யாருக்கு அதிகம் தேவையோ அவர்கள்தான்.

முதலில் இதற்குச் சொல்லப்பட்ட பதில் சுலபமானது. அவர்களுக்கு அக்கறை இல்லை! ஆனால் மூன்று ஆய்வுகள் இந்தப் பதிலைக் கேள்வி கேட்டன.

முதலாவது, அதே ராபர்ட் வாலர் 1980ல் எழுதியது. பயிற்சி முடித்தும் பலன் நிலைக்காத ஏழைத் தாய்மாரை அவர் கவனித்தார். அவர்கள் தீவு மாதிரி வாழ்ந்தார்கள். அவர்களிடம் பேசுபவர்கள் உறவினர்களும் அரசு அலுவலர்களும்தான், அதிலும் பெரும்பாலும் குறை சொல்லத்தான் பேசினார்கள். தோழிகளோடு பேச்சு அமைந்த நாட்களில் அதே தாய் பிள்ளையிடம் எரிந்து விழுவது குறைந்தது! ஆக, பாடம் புரியாதது பிரச்சினையே இல்லை. பாடத்தைத் தாங்கிப் பிடிக்க அந்தத் தாய்க்குச் சுற்றிலும் யாரும் இல்லை.

இரண்டாவது, 1985ல் பேட்டர்சனும் மரியன் ஃபோர்காட்சும் செய்தது. இந்தமுறை அவர்கள் கவனித்தது பயிற்சி கொடுப்பவர்களை. பயிற்சியாளர் பாடம் எடுக்கும்போதும், தவறைச் சுட்டிக் காட்டும்போதும் பெற்றோரின் எதிர்ப்பு கூடியது. ஆறுதலாகப் பேசும்போது குறைந்தது. இது ஒரு விசித்திரமான நிலை. கற்றுக்கொடுக்காமல் பெற்றோர் மாற முடியாது, கற்றுக்கொடுத்தால் எதிர்க்கிறார்கள்! வீட்டில் அம்மாவுக்கும் பிள்ளைக்கும் நடந்த அதே இழுபறி, இங்கே வாத்தியாருக்கும் அம்மாவுக்கும்.

மூன்றாவது, காஸ்டினுடையது. தூரம், செலவு, நேரம் மட்டும் காரணமில்லை. "இதற்கும் என் பிள்ளை பிரச்சினைக்கும் என்ன சம்பந்தம்?" என்ற எண்ணமும், பயிற்சியாளரோடு ஒட்டாத உறவும் சேர்ந்துதான் குடும்பத்தை வெளியே தள்ளுகின்றன. அதே வறுமையில் இருந்தும், இந்தத் தடைகளைப் பெரிதாக உணராத குடும்பங்கள் விலகுவது குறைவாக இருந்தது.

வரவழைத்த கதை

இனிதான் கதையின் நல்ல பகுதி.

மயாமியில் ஹோசே சாபோச்னிக் குழுவினர், போதைப் பழக்கமுள்ள பிள்ளைகளின் ஸ்பானிஷ் பேசும் குடும்பங்களோடு வேலை செய்தார்கள். முதல் தொலைபேசி அழைப்பிலிருந்தே சிகிச்சை தொடங்குகிறது என்று முடிவு செய்தார்கள். வர மறுப்பது யார், ஏன், வீட்டில் யார் சொன்னால் அவர் கேட்பார் என்று விசாரித்து, தேவைப்பட்டால் வீட்டுக்கே போனார்கள். 1988ல் வெளியான முடிவு: வழக்கமான முறையில் அழைக்கப்பட்ட குடும்பங்களில் 42 சதவீதம்தான் வந்தன, புதிய முறையில் 93 சதவீதம். கடைசிவரை இருந்தவர்கள் 25 சதவீதத்திலிருந்து 77 சதவீதமாக உயர்ந்தார்கள். சிகிச்சை அதேதான். கூப்பிட்ட விதம்தான் வேறு.

1990களில் மேரி மெக்கே, நகர்ப்புற ஏழைக் குடும்பங்களுக்கு முதல் சந்திப்புக்கு முன் சுமார் அரை மணி நேரத் தொலைபேசிப் பேச்சு ஒன்றை வடிவமைத்தார். "வருகிறீர்களா?" என்று நினைவூட்டுவது மட்டுமல்ல. இதற்கு முன் இப்படிப்பட்ட இடங்களுக்குப் போய் மனம் நொந்தது உண்டா, பஸ் எப்படி, சின்னப் பிள்ளையை யாரிடம் விட்டு வருவீர்கள் என்றெல்லாம் பேசுவது. வருகை கூடியது.

1994ல் ரொனால்ட் பிரின்ஸும் கிளோரியா மில்லரும் இன்னொன்றைச் செய்து பார்த்தார்கள். பிள்ளையைப் பற்றி மட்டும் பேசாமல், பெற்றோரின் சொந்தக் கவலைகளையும் பேச இடம் கொடுத்தார்கள். வேலைப் பிரச்சினை, குடும்பச் சண்டை, உடல்நிலை எதுவானாலும் சரி. அந்தக் குழுவில் பாதியில் நின்றவர்கள் குறைந்தார்கள்.

சியாட்டிலில் கரோலின் வெப்ஸ்டர்-ஸ்ட்ராட்டன் இதையெல்லாம் ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்தார் என்று சொல்லலாம். 1980களின் தொடக்கத்தில் அவர் உருவாக்கிய பயிற்சியில் சொற்பொழிவு கிடையாது. பத்துப் பன்னிரண்டு பெற்றோர் வட்டமாக உட்கார்ந்து சின்னச் சின்ன வீடியோக் காட்சிகளைப் பார்ப்பார்கள். "இந்த அம்மா வேறு என்ன செய்திருக்கலாம்?" என்று நடத்துபவர் கேட்பார். பதிலைப் பெற்றோரே சொல்வார்கள். பாடம் எடுத்தால் எதிர்ப்பு வருகிறதா? அப்படியானால் அவர்களையே பாடம் எடுக்க விடு! பிள்ளைகளைப் பற்றித் தெரிந்தவர் பெற்றோர், முறையைப் பற்றித் தெரிந்தவர் பயிற்சியாளர், இரண்டு பேரும் கூட்டாளிகள் என்பது அவர் கொள்கை. கூடவே சாப்பாடு, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆள், வந்து போக வண்டி வசதி. இடையில் ஒரு போன். குழுவில் உள்ள இன்னொரு தாயோடு பேசிக்கொள்ள ஏற்பாடு. வாலர் கண்ட அந்தத் தீவுகளுக்குப் பாலம் கட்டிய மாதிரி.

இந்தப் பயிற்சியை பாங்கர் பல்கலைக்கழகத்தின் ஜூடி ஹட்சிங்ஸ் குழுவினர் வேல்ஸில் பின்தங்கிய பகுதிகளில் 153 குடும்பங்களோடு செய்து பார்த்தார்கள். 2007ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த முடிவு சாதகமாக இருந்தது. ஏழைப் பெற்றோர் மாறமாட்டார்கள் என்ற பேச்சுக்கு அது நல்ல பதில்.

சந்தைக்கு வந்த பயிற்சி

இதற்கிடையில் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் மேத்யூ சாண்டர்ஸ் வேறு மாதிரி யோசித்தார். எல்லோருக்கும் பன்னிரண்டு வாரம் எதற்கு? சிலருக்கு டிவி நிகழ்ச்சி போதும், சிலருக்கு டாக்டரிடம் பத்து நிமிடப் பேச்சு போதும், சிலருக்குத்தான் முழுப் பயிற்சி. ஐந்து படிகள் கொண்ட இந்த ஏற்பாட்டின் பெயர் டிரிபிள் பி. எல்லாப் பெற்றோருக்கும் பொதுவானது என்பதால் இதற்குப் போவது அவமானமாக இருக்காது என்பதும் ஒரு கணக்கு. அமெரிக்காவின் தென் கரோலினாவில் 18 மாவட்டங்களில் நடந்த சோதனையில் குழந்தைகள் துன்புறுத்தப்படும் வழக்குகளில் நல்ல வித்தியாசம் தெரிந்ததாக 2009ல் அறிவித்தார்கள். ஆனால் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் 2010 முதல் இதே முறையைப் பெரிய அளவில் கொண்டுவந்தபோது, நகரத்துக் குழந்தைகளின் நிலையில் மாற்றம் தெரியவில்லை என்று மதிப்பீடு வந்தது. அங்கே ஏழைக் குடும்பங்களில் கடைசிவரை வந்தவர்கள் குறைவு.

இங்கிலாந்து அரசு 2012ல் செய்த பரிசோதனை வணிகவியல் படிப்பவர்களுக்குச் சுவையான பாடம். கேம்டன், மிடில்ஸ்பரோ, ஹை பீக் என்ற மூன்று பகுதிகளில், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் பெற்றோருக்கு 100 பவுண்டு மதிப்புள்ள கூப்பன் கொடுத்தார்கள். விநியோகித்த இடங்களில் ஒன்று பூட்ஸ் மருந்துக்கடை! கூப்பனைக் காட்டி விருப்பமான வகுப்பில் சேரலாம். தேவை கூடினால் வகுப்பு நடத்துபவர்கள் போட்டி போட்டு வருவார்கள், ஒரு சந்தையே உருவாகிவிடும் என்பது திட்டம். வந்தவர்கள் திருப்தியாகவே போனார்கள். ஆனால் தகுதியுள்ள பெற்றோரில் மிகச் சிறிய பங்குதான் வந்தது. 2014ல் திட்டம் முடிந்தது.

ஏன்? மற்ற பொருட்களுக்கு விலை குறைந்தால் தேவை கூடும். ஆனால் இந்த வகுப்பின் உண்மையான விலை 100 பவுண்டு இல்லை. "நான் நல்ல அம்மா இல்லையோ" என்று அக்கம்பக்கம் நினைத்துவிடுமோ என்ற பயம்தான் அதன் விலை. அதைக் கூப்பனால் கழிக்க முடியாது.

ஏழை நாடுகளுக்குப் போனபோது

அமெரிக்கப் பயிற்சிகளை அப்படியே வாங்குவது ஏழை நாடுகளுக்குக் கட்டுபடியாகாது. கையேட்டுக்கும் பயிற்சிக்கும் கட்டணம் அதிகம். இதனால் உலக சுகாதார நிறுவனம், யுனிசெஃப், சில பல்கலைக்கழகங்கள் சேர்ந்து இலவசமான பயிற்சிகளை உருவாக்கின. அதில் ஒன்று தென்னாப்பிரிக்காவின் சினோவுயோ. எங்களிடம் மகிழ்ச்சி இருக்கிறது என்று கோசா மொழியில் பொருள். கிழக்கு கேப் மாகாணத்தில் 552 குடும்பங்களோடு நடந்த சோதனை 2018ல் வெளியானது. பயிற்சி கொடுத்தவர்கள் டாக்டர்கள் அல்ல, உள்ளூர்க்காரர்கள். சாப்பாடு உண்டு. வராதவர்களின் வீட்டுக்கே போய்ச் சொல்லிக் கொடுத்தார்கள். வீட்டில் அடியும் வசவும் குறைந்தன. 2020ல் கொரோனா ஊரடங்கில் வீடுகள் திணறியபோது, இதே குழுவினர் பெற்றோருக்கான ஒரு பக்கக் குறிப்புகளை 100க்கு மேற்பட்ட மொழிகளில் கொண்டுசென்றார்கள். 2023ல் உலக சுகாதார நிறுவனம் பெற்றோர் பயிற்சிக்கென்றே வழிகாட்டுதல் வெளியிட்டது.

கணக்கு சொல்வது

இந்த வரலாற்றில் இன்னும் தீராத பாக்கி அப்பாக்கள். 1920களின் கிளினிக்கில் எங்கே இருந்தார்களோ, பெரும்பாலான வகுப்புகளில் இன்றும் அங்கேயேதான் இருக்கிறார்கள்: வெளியே. அன்று 21 மாதக் குழந்தையின் அத்தை ஒருமுறை உள்ளே திரும்பிப் போனதற்கே அத்தனை பாடு என்றால், வீட்டில் பாதிப் பேர் வகுப்புக்கே வராதபோது என்ன ஆகும் என்று யோசித்துப் பார்க்கலாம்.

மற்றபடி, பலன் கண்ட இடங்களை ஒன்றாக வைத்துப் பார்த்தால் ஒரு விஷயம் பளிச்சென்று தெரிகிறது. பிள்ளையிடம் எப்படி நடந்துகொள்ளச் சொன்னார்களோ, அப்படியே பெற்றோரிடம் நடந்துகொண்டவர்கள்தான் ஜெயித்தார்கள். குறை சொல்லாதே, நல்லதைக் கவனி, பாராட்டு, முதலில் உறவு, பிறகு பாடம். ஹான்ஃப் தாய்மாரின் காதில் சொன்ன இந்த வார்த்தைகள் பயிற்சியாளர்களின் காதுக்குப் போய்ச் சேர இருபது முப்பது வருடம் ஆயிற்று.

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று கேட்பார்கள். ஐந்து வயதுப் பிள்ளை வளைவதற்கு முன்னால் முப்பது வயது அம்மாவும் அப்பாவும் வளைய வேண்டியிருக்கிறது. அவர்கள் வளைவதற்கு முன்னால், அவர்களைக் கூப்பிடுகிறவர்கள் வளைய வேண்டியிருக்கிறது. காலி நாற்காலியைப் பார்த்து "அக்கறையில்லாத பெற்றோர்" என்று சொல்வது சுலபம். "நம்மிடம் வர ஏன் தயங்குகிறார்கள்?" என்று கேட்டவர்களின் வகுப்புகளில்தான் நாற்காலிகள் நிறைந்தன.